சூடானதும் ஆஃப் ஆகும் பிக்அப் வண்டி... ஆறினால் தானாகவே ஸ்டார்ட் ஆவது ஏன்? கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பும் பிக்அப் வண்டி, லோடு ஏற்றி அரை மணி நேரம் ஓடியதும் நடுரோட்டில் ஆஃப் ஆகிவிடுகிறது. எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்து வந்து சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது.

சரக்கு வண்டி ஓட்டுபவர்களுக்குப் பெரிய தலைவலி தரும் கோளாறு இது. "அண்ணே, சூடானா நின்னுடுது" என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோவதற்குள் வண்டி ஆறியிருக்கும். "நல்லாத்தானே ஓடுது தம்பி" என்பார் அவர். சந்தேகத்தின் பேரில் முதலில் ஃபில்டரை மாற்றுவார்கள். அடுத்து பேட்டரி, அதற்கடுத்து டீசல் பம்ப். பணம் போகும், கோளாறு போகாது.

கடலூர் மாவட்டம் கிள்ளை அருகே உள்ள முடசல்ஓடை மீன் இறங்குதளத்தில் விடியற்காலையில் மீன் ஏற்றும் வண்டிக்கு இந்தக் கோளாறு வந்தால் நஷ்டம் இரட்டிப்பு. சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்துவிடும். அங்கே வண்டி நின்றால் பெட்டியில் ஐஸ் உருக ஆரம்பிக்கும். சந்தை நேரம் தாண்டினால் மீனுக்கு நினைத்த விலை கிடைக்காது.

சூடானால் மட்டும் இன்ஜின் ஏன் நிற்கிறது? எந்தக் கோளாறு எப்படித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்? மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஓடும்போது ஆஃப் ஆனால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கோளாறைத் தேடுவதற்கு முன் வண்டியைப் பத்திரமாக ஓரம் கட்ட வேண்டும். இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

பெரும்பாலான சின்ன சரக்கு வண்டிகளில் பிரேக்குக்கு உதவுவது வேக்குவம் பூஸ்டர். இன்ஜின் ஓடினால்தான் அதற்கு வேக்குவம் கிடைக்கும். இன்ஜின் நின்ற பிறகு, ஏற்கெனவே சேர்ந்திருக்கும் வேக்குவத்தை வைத்து இரண்டு, மூன்று முறைதான் பிரேக் எளிதாகப் பிடிக்கும். அதன் பிறகு பெடல் கல் மாதிரி இறுகிவிடும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டி என்றால் ஸ்டீயரிங்கும் கனக்கும்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். அதனால் பெடலை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒரே சீராக அழுத்திப் பிடித்து, வேகத்தைக் குறைத்து இடதுபக்கம் ஒதுங்குங்கள். வண்டி முழுதாக நிற்கும் வரை சாவியை வெளியே எடுக்கவே கூடாது, எடுத்தால் ஸ்டீயரிங் லாக் விழும் ஆபத்து இருக்கிறது.

நின்றதும் நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, பின்னால் எச்சரிக்கை முக்கோணத்தை வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

சூட்டுக்கும் இன்ஜின் நிற்பதற்கும் என்ன சம்பந்தம்?

இன்ஜின் சூடாவது கோளாறு அல்ல. கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டும் நேரத்தில்தான் பெரும்பாலான வண்டிகளில் தெர்மோஸ்டாட் திறக்கிறது. அதன் பிறகு 80-லிருந்து 95 டிகிரி வரையிலான சூட்டில்தான் இன்ஜின் நாள் முழுக்க ஓட வேண்டும். நல்ல வண்டி இந்தச் சூட்டில் நிற்காது. ஏதோ ஒரு பாகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால், சூடு அதை வெளியே கொண்டுவருகிறது. மூன்று வழிகளில் இது நடக்கும்.

முதலாவது, ஒயர். செம்புக் கம்பி சூடானால் அதன் மின்தடை கூடும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் என்று கணக்கு. 20 டிகிரியில் 1,000 ஓம்ஸ் காட்டும் ஒரு செம்புக் காயில், 100 டிகிரியில் 1,300 ஓம்ஸைத் தாண்டிவிடும். நல்ல காயில் இதைத் தாங்கும். உள்ளே மயிரிழை அளவு விரிசல் விட்ட காயில் என்றால், சூட்டில் விரியும்போது இணைப்பே அறுந்துபோகும். ஆறியதும் முனைகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, டீசல். சமையல் எண்ணெயைப் போலவே டீசலும் சூடானால் இளகி நீர்த்துப்போகும். தேய்ந்த பம்பின் இடுக்குகளில் கெட்டியான குளிர்ந்த டீசல் கசியாது. சூடான டீசல் கசிந்துவிடும், அழுத்தம் ஏறாது.

மூன்றாவது, புகையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு. இஜிஆர் வால்வு என்பது வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும். பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இது மூடியே இருக்கும், சூடான பிறகுதான் வேலையை ஆரம்பிக்கும். கரி படிந்து திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால், தேவைக்கு மேல் புகை உள்ளே போய் இன்ஜின் மூச்சு முட்டி நிற்கும்.

சூடு போலத் தெரியும், ஆனால் சூடு அல்ல!

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அரை மணி நேரம் ஓடினால் நிற்கிறது, 20 நிமிடம் விட்டால் கிளம்புகிறது என்பதை வைத்து மட்டும் சூடுதான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது.

டீசல் டேங்கை எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்கென டேங்க் மூடியிலோ தனிக் குழாயிலோ ஒரு சின்ன வழி இருக்கும். தூசியும் அழுக்கும் அதை அடைத்துவிட்டால், டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, ஒரு கட்டத்தில் பம்பால் டீசலை உறிஞ்ச முடியாது. வண்டி நின்ற பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளே கசிந்துவிடும். 20 நிமிடத்தில் வண்டி கிளம்பும். பார்ப்பவர்களுக்கு அது ஆறியதால் சரியான மாதிரி தெரியும்.

டேங்குக்குள் கிடக்கும் குப்பையும் இப்படித்தான். இன்ஜின் ஓடும்போது உறிஞ்சும் குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றால் உறிஞ்சுவதும் நிற்கும், குப்பை கீழே விழுந்துவிடும். மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. லோடு இல்லாத நாளில், காற்றோட்டமான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டார்ட் செய்து ஸ்லோவில் விடுங்கள். வெப்பமானியின் முள் வழக்கமான இடத்துக்கு வந்த பிறகும் அரை மணி நேரம் ஓடட்டும். நின்றபடியே ஆஃப் ஆனால் சூட்டில் கெடும் சென்சார், ஒயர், இஜிஆர் வால்வு மீது சந்தேகம் கூடுகிறது. அங்கே ஒழுங்காக ஓடி, லோடு ஏற்றி விரட்டும்போது மட்டும் நின்றால் டீசல் போதிய அளவு வரவில்லை என்ற சந்தேகம்தான் அதிகம்.

நின்ற அந்த 5 நிமிடம்தான் முக்கியம்

இந்தக் கோளாறுக்கான சாட்சி, இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும்தான் கிடைக்கும். அதனால் வண்டி நின்றதும் டீக்கடைக்குப் போவதற்கு முன், பத்திரமான இடத்தில் இருந்தபடி கீழே உள்ள 6 விஷயங்களைக் கவனியுங்கள். முடிந்தால் செல்போனில் வீடியோ எடுத்துவையுங்கள்.

1. வெப்பமானியின் முள் எங்கே இருக்கிறது? நடுவிலா, சிவப்புக் கோட்டிலா?

2. எப்படி நின்றது? சாவியைத் திருப்பி ஆஃப் செய்த மாதிரி பட்டென்று நின்றதா, இழுக்காமல் திணறித் திணறி நின்றதா?

3. எப்போது நின்றது? லோடோடு விரட்டும்போதா, சிக்னலில் ஸ்லோவுக்கு வந்தபோதா?

4. செல்ஃப் அடித்தால் இன்ஜின் வழக்கம்போல வேகமாகச் சுற்றுகிறதா? மெதுவாக இழுக்கிறதா? சுற்றவே இல்லையா?

5. மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிகிறதா? ஆர்பிஎம் மீட்டர் உள்ள வண்டி என்றால், செல்ஃப் அடிக்கும்போது முள் கொஞ்சமாவது அசைகிறதா?

6. டீசல் டேங்க் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் வருகிறதா? திறந்த கையோடு வண்டி ஸ்டார்ட் ஆகிறதா?

இந்த 6 கேள்விகளுக்கான பதில், பாதி வேலையை முடித்துவிடும். எப்படி என்று பார்க்கலாம்.

முள் சிவப்பில் இருந்தால்...

இது வேறு பிரச்னை. இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகி, பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடிக்க ஆரம்பித்திருக்கலாம். செல்ஃப் அடித்தால் கனமாகச் சுற்றுவது இதன் அடையாளம். திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்துப் பார்க்காதீர்கள், இன்ஜினே சீஸ் ஆகிவிடும்.

கூலன்ட் குறைவு, அறுந்த ஃபேன் பெல்ட், அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், போன ஹெட் கேஸ்கட் என்று காரணங்கள் பல. ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடி கொதித்து முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

முள் சிவப்பில் இல்லை என்பதற்காக நிம்மதி அடையவும் முடியாது. கூலன்ட் மொத்தமும் ஒழுகிப்போனால் சென்சார் நனையாது, முள் தப்பாகக் காட்டலாம். ஆறிய பிறகு கூலன்ட் அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பட்டென்று நின்றால்...

முள் நடுவில் இருக்கிறது, வண்டி திணறவே இல்லை, ஸ்விட்சை அணைத்த மாதிரி நின்றது என்றால் மின்சாரப் பக்கம் தேட வேண்டும்.

காமன்ரெயில் டீசல் வண்டிகளில் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார். இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று இசிஎம் எனப்படும் கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதுதான். இந்த சிக்னல் போனால், இன்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது, டீசல் அடிப்பதை நிறுத்திவிடும். இன்ஜினை ஒட்டியே பொருத்தப்பட்டிருப்பதால் இந்த சென்சாருக்கு சூடு நேராக ஏறும். செல்ஃப் வேகமாக அடிக்கிறது, ஆனால் ஆர்பிஎம் முள் அசையவே இல்லை என்றால் சந்தேகம் பலமாகிறது. ஸ்கேனரில் பி0335 என்ற கோடு வந்தால் அது கிராங்க் சென்சார் சர்க்யூட்டைக் குறிக்கும்.

அந்தக் கோடு வந்ததுமே சென்சாரை மாற்றிவிடக் கூடாது. சென்சாருக்குப் போகும் ஒயர் உரசி அறுந்திருந்தாலும், கப்ளருக்குள் பின் பச்சை பூத்திருந்தாலும் அதே கோடுதான் வரும்.

மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய வண்டிகளில் இந்த சென்சாருக்கு வேலை இல்லை. 2005-ல் வந்த முதல் டாடா ஏஸ், அதாவது நம்ம ஊர் 'குட்டி யானை', 702 சிசி இரண்டு சிலிண்டர் இன்ஜினோடு வந்தது. இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் பார்க்க வேண்டியது ஸ்டாப் சாலினாய்டு. சாவியைத் திருப்பினால் கரன்ட் வாங்கி டீசலைத் திறந்துவிடுவதும், கரன்ட் போனால் மூடுவதும் இதன் வேலை. சூட்டில் காயில் விட்டுப்போனால் இன்ஜின் அந்த நொடியே நிற்கும். நின்றிருக்கும்போதே சாவியை ஆன் செய்து, அதற்குக் கரன்ட் வருகிறதா, 'டக்' சத்தம் கேட்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து ரிலே, ஃபியூஸ் பாக்ஸ், இக்னிஷன் ஸ்விட்ச். தளர்ந்த இணைப்பில் கரன்ட் போகும்போது அங்கே தனியாகச் சூடு உண்டாகும். ஒரு ரிலே மட்டும் கை வைக்க முடியாத அளவு கொதித்தால் அதையும் அதன் சாக்கெட்டையும் கவனிக்க வேண்டும்.

திணறித் திணறி நின்றால்...

பிக்அப் குறைந்து, மேடு ஏற முடியாமல், குலுங்கிக் குலுங்கி நின்றது என்றால் டீசல் பக்கம்தான் தேட வேண்டும். செலவு குறைந்ததிலிருந்து ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்.

முதலில் டேங்க் மூடி. மேலே சொன்ன 'புஸ்' சத்தப் பரிசோதனை காசு செலவில்லாதது.

இரண்டாவது, ஃபில்டரும் அதன் அடியில் சேரும் தண்ணீரும். வாட்டர் செபரேட்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும்.

மூன்றாவது, காற்று. டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே ஒழுகாமலே காற்றை உள்ளே இழுக்கும். ரப்பர் சூட்டில் இளகும்போது கிளாம்ப் பிடிப்பு தளர்ந்து இது அதிகமாகும். ஃபில்டர் மேல் உள்ள கை பம்ப்பை நான்கைந்து முறை அமுக்கினால் இறுகி, உடனே வண்டி கிளம்புகிறதா? அப்படியென்றால் ஏர் பிடிக்கிறது அல்லது டீசல் வரத்து தடைபடுகிறது என்று அர்த்தம்.

நான்காவதாகத்தான் பம்ப், இன்ஜெக்டர். காமன்ரெயில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவே பொதுவாக சுமார் 200 பார் அழுத்தம் ரெயிலில் வேண்டும். ஓடும்போது அது 1,000 பாரையும் தாண்டும். தேய்ந்த இன்ஜெக்டர் வழியாகச் சூடான டீசல் ரிட்டர்ன் லைனில் அதிகமாகத் திரும்பிப் போனால் அந்த அழுத்தம் ஏறாது. ஸ்கேனரில் பி0087 வந்தால் ரெயிலில் அழுத்தம் குறைவு என்று பொருள். ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் ஒரு சின்ன டியூப் மாட்டி, எதில் ரிட்டர்ன் அதிகம் என்று அளக்கும் சோதனை இருக்கிறது. அதை இன்ஜின் சூடாக இருக்கும்போது செய்யச் சொல்வது முக்கியம். குளிர்ந்த இன்ஜினில் நான்கும் நல்லதாகவே தெரியலாம்.

பழைய ரோட்டரி பம்ப் வண்டிகளுக்கு மெக்கானிக்குகள் காலம் காலமாகச் செய்யும் ஒரு சோதனை உண்டு. சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்போது, பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றி, அதை மட்டும் ஆற விடுவார்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் பம்ப் தேய்ந்திருக்கிறது என்று முடிவுக்கு வருவார்கள். இன்ஜின் ஓடும்போது பம்ப் மேல் தண்ணீர் ஊற்றுவது மட்டும் கூடாது. திடீரென்று குளிர்ந்தால் பம்ப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு பழக்கத்தையும் கவனிக்க வேண்டும். காமன்ரெயில் வண்டிகளில் எரியாத டீசல் சூடாகத்தான் டேங்குக்குத் திரும்புகிறது. டேங்கில் டீசல் நிறைய இருந்தால் அந்தச் சூடு கரைந்துவிடும். அன்றன்றைக்கு 300 ரூபாய், 500 ரூபாய்க்கு மட்டும் டீசல் போட்டு ஓட்டினால், இருக்கும் கொஞ்சம் டீசலும் சீக்கிரம் சூடாகும். டேங்க் பாதிக்கு மேல் இருக்கும்போது நிற்காத வண்டி, கால் டேங்கில் நிற்கிறது என்றால் அதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

ஸ்லோவுக்கு வந்தால் மட்டும் நின்றால்...

விரட்டும்போது ஓடுகிறது, வேகத்தடையிலோ ரயில்வே கேட்டிலோ ஸ்லோவுக்கு வந்ததும் அணைகிறது, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி செல்ஃப் அடித்தால் கிளம்புகிறது, கரும்புகையும் வருகிறது என்றால் இஜிஆர் வால்வில் கரி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். கழற்றிச் சுத்தம் செய்தால் பல நேரங்களில் சரியாகிவிடும். சிலர் இதை நிரந்தரமாக அடைத்துவிடச் சொல்வார்கள். அது புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு எதிரானது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையான பிஎஸ்-6 வண்டிகளில் அப்படிச் செய்தால் கம்ப்யூட்டரே கோளாறு என்று எடுத்துக்கொண்டு இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடக்கூடும்.

பெட்ரோல், சிஎன்ஜி வண்டி என்றால்?

முதலில் பார்க்க வேண்டியவை கிராங்க் சென்சார், இக்னிஷன் காயில், டேங்குக்குள் இருக்கும் ஃபியூயல் பம்ப். இரண்டு எரிபொருளிலும் ஓடும் வண்டியில் ஒரு வசதி இருக்கிறது. சிஎன்ஜியில் நின்றதும் பெட்ரோலுக்கு மாற்றிப் பாருங்கள். பெட்ரோலில் ஓடினால் கேஸ் பக்கம் கோளாறு. இரண்டிலுமே கிளம்பவில்லை என்றால் பொதுவான காயில், சென்சார் பக்கம் தேடலாம். கேஸ் குழாய், ரெகுலேட்டரில் மட்டும் நீங்களே கை வைக்காதீர்கள்.

இன்னொன்று, இன்ஜினை நிறுத்தியதும் அது ஆற ஆரம்பிக்காது. ஃபேனும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடுவதால், முதல் சில நிமிடங்களுக்கு பானட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். அதனால்தான் நின்ற உடனே கிளம்பிய வண்டி, லோடு இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கிளம்ப மறுக்கிறது.

கடலோர வண்டிகளுக்குக் கூடுதல் கவனம் ஏன்?

கிள்ளை, பரங்கிப்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. மீன் வண்டி என்றால் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான். அது சேசிஸ் மேல் வடிந்துகொண்டே இருக்கும்.

இதில் முதலில் அடிவாங்குவது எர்த் ஒயர். பேட்டரியின் நெகட்டிவ்வை இன்ஜினோடும் சேசிஸோடும் இணைக்கும் பட்டை இது. வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சையும் துருவும் பூத்திருக்கும். எர்த் சரியில்லை என்றால் சென்சார்கள் தப்பும் தவறுமாகச் சொல்லும், கம்ப்யூட்டர் குழம்பும். புது சென்சார் வாங்குவதற்கு முன், எர்த் பட்டையைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டிப் பார்ப்பது கிட்டத்தட்ட செலவே இல்லாத வேலை.

லோடு இறக்கிய பிறகு சேசிஸை நல்ல தண்ணீரில் கழுவுவது, பெட்டியின் வடிகால் குழாய் ஒயரிங் மேல் வடியாமல் வெளிப்பக்கமாகத் திருப்பிவிடுவது இரண்டும் நல்ல பழக்கம். கழுவும்போது சென்சார் கப்ளர்களில் நேரடியாகத் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம்.

அமெரிக்காவையே உலுக்கிய 'சூடானால் நிற்கும்' வண்டி

"நல்லாத்தானே ஓடுது" என்று கேட்டு நொந்துபோனவர்கள் தமிழ்நாட்டில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1983 முதல் 1995 வரை விற்ற பல கார், பிக்அப் மாடல்களில், இக்னிஷன் மாட்யூல் என்ற மின்னணுப் பாகத்தை இன்ஜினை ஒட்டிய டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயே பொருத்தியிருந்தது. இன்ஜின் சூட்டில் மாட்யூல் கெட்டு, வண்டி ஓடும்போதே நிற்பதாகப் புகார்கள் வந்தன. ஆறியதும் மறுபடி ஓடும் என்பதால் பரிசோதனையில் கோளாறு சிக்குவது சிரமமாக இருந்தது.

வண்டி உரிமையாளர்கள் சேர்ந்து கலிஃபோர்னியாவின் அலமீடா கவுன்டி நீதிமன்றத்துக்குப் போனார்கள். கோளாறு தெரிந்தும் நிறுவனம் அதை முறையாகத் தெரிவிக்கவில்லை என்ற முடிவுக்கு வந்த நீதிபதி மைக்கேல் பலாச்சி, 2000-ம் ஆண்டில் அந்த மாநிலத்தில் 17 லட்சம் வண்டிகள் வரை திரும்பப் பெற உத்தரவிட்டார். அமெரிக்காவில் ஒரு நீதிபதி வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிட்டது அதுவே முதல் முறை என்று அப்போது பேசப்பட்டது. 2001-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. மாட்யூலை மாற்றச் செலவழித்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் சம்மதித்தது.

ஆறினால் மறையும் கோளாறை 'கோளாறே இல்லை' என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இந்த வழக்கு ஒரு நல்ல உதாரணம்.

இந்தியாவில் புகார் செய்ய முடியுமா?

முடியும். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, தயாரிப்புக் குறை உள்ள வாகனங்களைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கிறது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். உரிமையாளர்கள் புகார் பதிவு செய்ய வாகன் இணையதளத்தில் வசதி இருக்கிறது. ஒரே மாடலில் போதிய எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால்தான் விசாரணை வரை போகும் என்பதால், ஓடும்போது நின்ற சம்பவத்தைப் பதிவு செய்வது மற்றவர்களுக்கும் உதவும்.

வாரன்ட்டி உள்ள வண்டியை சர்வீஸ் சென்டரில் சரிசெய்ய மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும் ஜாப் கார்டில் 'சூடான பின் ஓடும்போது ஆஃப் ஆகிறது' என்று எழுதச் சொல்லி நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது பிறகு நிற்காது.

மெக்கானிக்கிடம் எப்படிக் கேட்க வேண்டும்?

"வண்டி நிக்குது, பாருங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். நின்ற இடம், ஓடிய தூரம், முள் நின்ற இடம், பட்டென்றா திணறியா, எத்தனை நிமிடத்தில் மறுபடி கிளம்பியது, டேங்கில் எவ்வளவு டீசல் என்று மூன்று, நான்கு தடவைக்கான விவரத்தை எழுதிக்கொண்டு போங்கள்.

"சூடாக்கிட்டு, நிக்கிறப்பவே செக் பண்ணுங்கண்ணே" என்று தெளிவாகக் கேளுங்கள். ஸ்கேனரை மாட்டியபடியே வண்டியை ஓட்டச் சொல்லலாம். நிற்கும் நொடியில் ஆர்பிஎம் சிக்னல் முதலில் போனதா, ரெயில் அழுத்தம் முதலில் இறங்கியதா என்பது அதில் பதிவாகும். சிக்னல் போனால் மின்சாரப் பக்கம், அழுத்தம் இறங்கினால் டீசல் பக்கம். பழைய கோடுகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் முன் பேட்டரியைக் கழற்ற விடாதீர்கள். சில வண்டிகளில் அந்தப் பதிவு அழிந்துவிடும்.

செய்யவே கூடாதவை

காமன்ரெயில் வண்டியில் ஏர் எடுப்பதாக நினைத்து, இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தக் கூடாது. 1,000 பார் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உடம்புக்குள் இறங்கும். ஊசி குத்திய அளவுதான் காயம் தெரியும், ஆனால் கையையே எடுக்கும் நிலைமைக்குப் போகலாம். அப்படி நடந்தால் வலி இல்லை என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செல்ஃபை 10 நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். பேட்டரி இறங்கி, செல்ஃப் மோட்டாரும் எரிந்துவிடும்.

'எப்படியும் ஆறினா கிளம்பிடும்' என்று வாரக்கணக்கில் அப்படியே ஓட்டாதீர்கள். அடுத்த முறை அது நிற்கும் இடம் டீக்கடை வாசலாக இருக்காது. பாலத்தின் மேலோ, லெவல் கிராசிங்கிலோ, பின்னால் பஸ் வரும் வளைவிலோ இருக்கலாம். காரணம் தெரியும் வரை லோடு ஏற்றி நெடுஞ்சாலைக்குப் போகாமல் இருப்பதே பாதுகாப்பு.